சுவரில் தொங்கிய ஏழாவது பிஸ்டன்

"செத்தது யாரு அண்ணி?" வண்டியை நிறுத்தி இறங்கும்போதே கேட்டான் கொழுந்தன்.

"ஒரு பிஸ்டன்."

"அடப்பாவமே. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாச்சா?"

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படகுத்துறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

துப்பறியும் நிலையம் என்று வாசலில் பலகை மாட்டி நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அண்ணி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பத்து வருடம், வருகிறவர்கள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவள். தனியாகத் தொழில் தொடங்கியபின் வந்த வழக்குகளில் முக்கால்வாசி, காணாமல் போன நாய்கள். மீதி, காணாமல் போக ஆசைப்பட்ட கணவன்மார்கள். கொழுந்தன் இதில் எப்படி வந்து சேர்ந்தான் என்றால், ஒரே வருடத்தில் மூன்று வேலைகள் அவனை விட்டுவிட்டு ஓடிப்போயின. "சும்மா படுத்துக் கிடக்காம உங்க அண்ணிக்கு வண்டியாவது ஓட்டு" என்று அண்ணன் ஒரு நாள் கத்தினான். அதுதான் நியமன உத்தரவு.

கொட்டகை வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு மனிதர் காத்திருந்தார். படகு மோட்டார் பழுது பார்க்கிறவருக்கு வெள்ளைக் கோட்டு எதற்கு என்று கேட்கக்கூடாது. துறையில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது. பாவம், அவர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்.

"வாங்க வாங்க. நோயாளி உள்ள இருக்காங்க" என்றார் டாக்டர்.

"பேச்சு மூச்சு இருக்கா?" என்றான் கொழுந்தன்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார். "இவர் யாரு?"

"என் வீட்டுக்காரரோட தம்பி. வாய் கொஞ்சம் நீளம். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு படகு, பதினோரு நாளைக்கு முன்னால் நட்டாற்றில் நின்றுபோனது. மோட்டார் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. படகு தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போய்ப் பாலத்தூணில் முட்டியது. ஆளுக்குச் சேதமில்லை. ஒரு தையற்காரர் கொண்டுவந்த முப்பது பள்ளிக்கூடச் சட்டைகள் மட்டும் ஆற்றோடு போயின. டாக்டர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். மேல் சிலிண்டரின் பிஸ்டன் நாசமாகியிருந்தது. பெட்ரோலில் எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருக்கிறாள் படகுக்காரி என்று சொல்லிவிட்டார். எண்ணெய் கலக்காமல் ஓட்டி ஆட்களை ஆபத்தில் மாட்டிவிட்டால் பர்மிட் நிரந்தரமாக ரத்து என்று படகுச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. அன்று நாலு மணிக்குக் கூட்டம். வெளியாள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும், கதை முடிந்தது.

"கடிதம் தயாரா இருக்கு. நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடணும்" என்று டாக்டர் ஒரு தாளை நீட்டினார்.

ஊரில் உள்ள துப்பறியும் நிலையங்களில் மோட்டார் பற்றி மண்ணும் தெரியாதது எது என்று தேடித்தான் இவர் நம்மைப் பிடித்திருக்கிறார் என்று கொழுந்தனுக்குப் பட்டது. அண்ணி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"படிச்சுப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். முதல்ல பிஸ்டனைக் காட்டுங்க."

மேசைமேல் ஒரு எவர்சில்வர் தட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி, துணிமேல் பிஸ்டன். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. உடம்பெல்லாம் செங்குத்தாகக் கீறல்கள். அதைச் சுற்றி ஓடவேண்டிய வளையங்கள் பள்ளத்திலேயே உருகி ஒட்டியிருந்தன. மேல் விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

"எண்ணெய் இல்லாம ஓட்டினா இப்படித்தான்" என்றார் டாக்டர். "ரெண்டு இரும்பும் காய்ஞ்சு உரசி, உரசி, கடைசியில ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். பெரிய வியாதி. என் சுவரைப் பாருங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

சுவரைப் பார்த்தார்கள். ஆணி அடித்து வரிசையாகப் பன்னிரண்டு பிஸ்டன்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைச் சீட்டு. தன்னிடம் வந்த மோட்டார்களில் சொந்தக்காரர்கள் செய்த பாவத்தால் செத்தவற்றையெல்லாம் டாக்டர் இப்படி மாட்டி வைத்திருந்தார். சீட்டில் படகின் எண், தேதி, வியாதி.

"பேரு போடலையே?" என்றாள் அண்ணி.

"நோயாளியோட ரகசியத்தை வெளிய சொல்லக்கூடாதுங்க. தொழில் தர்மம்."

"ரொம்ப சரி" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் சுவரில் வசதியாகச் சாய்ந்தான். சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தான். தோளில் எண்ணெய்க் கறை. "அய்யோ! புதுச் சட்டை!"

"சாயறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர். கொஞ்சம் அதிகமாகவே எரிந்து விழுந்தார்.

அண்ணி அதற்குள் மோட்டாரின் பக்கம் போயிருந்தாள். பழைய மோட்டார். படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டுவது. இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்று. மோட்டாரைக் கழற்றி, சிலிண்டர் கட்டையை மட்டும் தனியாக மேசையில் படுக்க வைத்திருந்தார்.

"கீழ்ச் சிலிண்டரோட பிஸ்டன் எங்க?"

டாக்டர் எடுத்துக் காட்டினார். புத்தம் புதிதாக மினுமினுவென்று இருந்தது.

"ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே டாங்குல இருந்துதானே பெட்ரோல் போகுது?"

"ஆமா."

"ஒரே சட்டியில செஞ்சதை ரெண்டு பேரு சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தருக்கு உயிரே போயிடுச்சு, இன்னொருத்தருக்கு ஏப்பம்கூட வரலையே டாக்டர்?"

டாக்டர் அசரவில்லை. "உடம்பு வாகு" என்றார்.

"தம்பி, அந்தச் செல்போன் வெளிச்சத்தைக் காட்டு."

கொழுந்தன் மேல் சிலிண்டருக்குள் வெளிச்சம் அடித்தான். சுவர் வழுவழுவென்று இருந்தது. ஒரே ஒரு கோடு மட்டும், பக்கவாட்டில், ஆணியால் இழுத்ததுபோல் நேராக ஓடியது.

"பிஸ்டன்ல இத்தனை கீறல் இருக்கு. அது உரசின சுவத்துல ஒரே ஒரு கோடுதான் இருக்கு. அடிதடி நடந்தா ரெண்டு பேருக்கும்தானே காயம் படும்?"

"நான் தேய்ச்சு சரி பண்ணிட்டேன்."

"தேய்ச்சதுல மத்த கீறலெல்லாம் போயிடுச்சு, இந்தக் கோடு மட்டும் எப்படி நிக்குது?"

"அது... அது பழைய கோடு."

"போன மாசம் சிலிண்டரைக் குடைஞ்சு பெருசு பண்ணி, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டீங்கன்னு கடிதத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. குடைஞ்ச பிறகு பழைய கோடு எப்படிங்க இருக்கும்?"

அண்ணி கடிதத்தை எப்போது படித்தாள் என்று கொழுந்தனுக்குப் புரியவில்லை. மடிக்கிற அந்த ஒரு நிமிடத்தில் படித்திருக்கிறாள். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். "இதோ வந்துட்டேன்" என்றவர், தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார்.

"தம்பி, சீக்கிரம். அந்தத் தட்டுல இருக்கறதை எடுத்துச் சிலிண்டருக்குள்ள விடு."

கொழுந்தன் விட்டான். பிஸ்டன் உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. அண்ணி பையிலிருந்து நிலையத்தின் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து இடுக்கில் நுழைத்தாள். சரக்கென்று போனது.

"அச்சடிச்சு நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் அண்ணி அந்தக் கார்டுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு."

"வாயை மூடிட்டு அந்தப் பெட்டியைத் திற. மாத்தறதுக்கு வாங்கி வெச்சிருக்கற புதுப் பிஸ்டன்."

புதுப் பிஸ்டனின் தலையில் 0.50 என்று பொறித்திருந்தது. குடைந்த சிலிண்டருக்கான பெரிய சைஸ். உள்ளே விட்டால் கச்சிதமாக உட்கார்ந்தது. கார்டு நுழையவே இல்லை. தட்டில் இருந்த பிஸ்டனின் தலையில் எந்த எண்ணும் இல்லை.

"புரியுதா?" என்றாள் அண்ணி.

"புரியுது. தட்டுல இருக்கற பொணம் வேற யாரோட பொணமோ."

"அப்ப நம்ம பொணம் எங்க?"

அதற்குப் பதில் தெரியாமலே இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் டாக்டர் யாரோ ஒருவருடைய மோட்டாருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துல பாக்கலாம்" என்று அண்ணி சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கையெழுத்து விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்போல.

படகுக்காரி துறையில்தான் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். மோட்டார் இல்லாத படகில் உட்கார்ந்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"கையெழுத்துப் போட வந்தவங்களா? போட்டாச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள் அண்ணி. "எண்ணெய் கலந்தீங்களா, இல்லையா?"

"பத்தொன்பது வருஷமா ஓட்டறேன். காலையில பல்லு விளக்க மறந்தாலும் மறப்பேன், எண்ணெய் கலக்க மறக்க மாட்டேன்."

"மோட்டார் நிக்கறதுக்கு முன்னால ஏதாவது சத்தம் வந்துச்சா?"

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாளா டிக் டிக்குன்னு ஒரு சத்தம். வந்து சொன்னேன். புதுப் பிஸ்டன் அப்படித்தான், பழகிடும், போன்னு சொல்லிட்டான்."

"யாரு, டாக்டரா?"

"டாக்டராம் டாக்டர். எங்க அண்ணன். கூடப் பிறந்தவன்."

கொழுந்தன் பேய்முழி முழித்தான். கொட்டகையில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் டாக்டர் இந்த உறவைப் பற்றி மூச்சே விடவில்லை.

"உங்க பர்மிட் போகப்போகுது. இந்தப் படகை விட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் இல்ல. ரெண்டு பொண்ணு படிக்குது. மாமியாருக்குக் கண்ணு தெரியாது. எல்லாம் இந்தப் படகுதான்."

"அப்புறம் ஏன் வாயைத் திறந்து சண்டை போடாம இருக்கீங்க?"

"நான் எண்ணெய் கலந்தேன். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மிச்சத்தை அவன்தான் சொல்லணும்." மறுபடியும் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

வண்டிக்குத் திரும்பும் வழியில் கொழுந்தன் புலம்பிக்கொண்டே வந்தான். கூடப் பிறந்தவளையே மாட்டிவிடுகிற ஆளைப் பற்றிக் கால்வாசி, சட்டையைப் பற்றி முக்கால்வாசி.

"இது போகவே போகாது அண்ணி. மோட்டார் எண்ணெய். துவைக்கத் துவைக்கப் பரவும். நேத்துதான் வாங்கினேன்."

அண்ணி சட்டென்று நின்றாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, கறையை விரலால் தொட்டு முகர்ந்தாள். நடுரோட்டில் அண்ணி தன் தோளை முகர்ந்து பார்ப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கொழுந்தன் நெளிந்தான்.

"பெட்ரோல் வாடை வருது. ஈரம் காயலை. நீ எதுமேல சாஞ்ச?"

"சுவத்துமேலதான்."

"சுவத்துல என்ன தொங்குச்சு?"

"பழைய பிஸ்டன்... எட்டு வருஷத்துக்கு முன்னால தேதி போட்ட..." கொழுந்தனின் வாய் அப்படியே நின்றது. "எட்டு வருஷமா தொங்கறது எண்ணெய் சொட்டாது!"

"உன் புதுச் சட்டைக்கு நான் பொறுப்பு. கொட்டகைக்குத் திரும்பு."

"சுடுகாட்டுல கொண்டுபோய்ப் பொணத்தை ஒளிச்சு வெச்சிருக்கான் அண்ணி! யாரு அங்க போய்த் தேடுவாங்க?"

திரும்பிப் போனபோது மணி இரண்டரை. டாக்டரை வாசலிலேயே நிறுத்திவைப்பது கொழுந்தனின் வேலை. தன் மோட்டார் சைக்கிள் காலையில் இருமுகிறது, தும்முகிறது, என்ன வைத்தியம் என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். பத்தியம் உட்பட எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அண்ணி, மறந்துவிட்டுப் போன குடையைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே போய்த் திரும்பி வந்துவிட்டாள். அவள் குடையே கொண்டுவரவில்லை என்பதை டாக்டர் கவனிக்கவில்லை.

"ஏழாவது ஆணி" என்றாள் வண்டியில் ஏறியதும். பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பிஸ்டனும் அட்டைச் சீட்டும். பிஸ்டன் புதியது, எண்ணெய் ஈரத்தோடு இருந்தது. தலையில் 0.50.

"இதுல கீறலே இல்லையே. இது எப்படிச் செத்துச்சு?"

"பக்கத்துல பாரு. பிஸ்டனுக்குக் குறுக்கால ஒரு உருளை போகுது. அது நழுவாம இருக்க ரெண்டு முனையிலயும் வளைஞ்ச கம்பி ஒண்ணு மாட்டுவாங்க."

"லாக். எங்க மெக்கானிக் அதைத் தொட்டாலே புதுசுதான் போடணும்பாரு. கழட்டினது ஒரு தடவை வளைஞ்சா பிடிப்பு போயிடுமாம்."

"ஒரு பக்கம் இருக்கு. இன்னொரு பக்கம் இல்ல. இருக்கறதும் துருப்பிடிச்ச பழசு. புதுப் பிஸ்டனுக்குப் பழைய லாக்."

கொழுந்தனுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. டாக்டர் பழைய பிஸ்டனிலிருந்து கழற்றிய லாக்கையே திரும்ப மாட்டியிருக்கிறார். அது தெறித்துப் போயிருக்கிறது. உருளை நழுவி வெளியே வந்து சிலிண்டர் சுவரை உரசி, கடைசியில் மோட்டாரையே நிறுத்திவிட்டது. டிக் டிக் சத்தம் அதுதான். அந்த ஒற்றைக் கோடும் அதுதான். பிரித்துப் பார்த்ததும் தன் தப்பு தன்னைப் பார்த்து இளித்திருக்கிறது. உடனே சுவரில் இருந்ததில் மோசமான ஒன்றைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, இதை அந்த ஆணியில் மாட்டிவிட்டார்.

"ஆக, தங்கச்சி பொழைப்பு போனாலும் பரவாயில்ல, டாக்டர் பட்டம் போகக்கூடாது. இல்லையா அண்ணி? த்தூ!"

அண்ணி அட்டைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "படகு எண் முப்பத்தேழு. எண்ணெய் இல்லை. வளையம் ஒட்டிவிட்டது. விளிம்பில் ஒரு துண்டு உடைவு" என்று வாசித்தாள். "சங்க ஆபீசுக்குப் போ. அங்க படகுப் பதிவேடு இருக்கும்."

சங்க ஆபீசில் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி முப்பத்தேழைக் காட்டினார். அண்ணி குனிந்து படித்தாள். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. காணாமல் போன நாய் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தபோது சிரித்த சிரிப்பு.

"யாரோடது அண்ணி?"

"கூட்டத்துல சொல்றேன்."

"நான் உங்க உதவியாளன்."

"அதனாலதான் சொல்லலை. உன் வாய் நாலு மணி வரைக்கும் தாங்காது."

நாலு மணிக்குக் கூடத்தில் இருபது படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் தையற்காரர், முப்பது சட்டைகளின் துக்கம் முகத்தில் மாறாமல். மேசைக்குப் பின்னால் சங்கத் தலைவர். மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர், மூன்று ஆளுக்குண்டான குரல். அந்த எண்ணெய் விதியை மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதியவரும் அவர்தான். படகுக்காரி ஒரு ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றாள். மேசைமேல் அந்தத் தட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி, துணிமேல் பிஸ்டன்.

தலைவர் பிஸ்டனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க! நல்லா பாருங்க! இதைச் செஞ்சவங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குமா? படகுல ஏறின ஜனங்க உயிரு இவங்களுக்குக் கிள்ளுக்கீரையா? இப்படிப் பண்ணின கையில படகு இல்ல, பாத்திரம் கழுவுற தொட்டியைக்கூடக் குடுக்கக்கூடாது! என்ன சொல்றீங்க?"

"குடுக்கக்கூடாது!" என்றார் தையற்காரர்.

அண்ணி எழுந்தாள். "தலைவரே, ரொம்ப நல்லா சொன்னீங்க. இதை அப்படியே எழுதிக்கலாமா?"

"தாராளமா. குமாஸ்தா, எழுதுய்யா."

குமாஸ்தா எழுதினார். அண்ணி வெள்ளைக் கோட்டின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், இந்தப் பிஸ்டன் எண்ணெய் இல்லாம ஓடினதுதான்னு நிச்சயமா சொல்றீங்களா?"

"சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷ அனுபவம்."

"எனக்கும் சந்தேகம் இல்ல. இது எண்ணெய் இல்லாமதான் ஓடியிருக்கு. ஆனா இந்தம்மா மோட்டார்ல ஓடலை."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அண்ணி சிலிண்டரைப் பற்றிச் சொன்னாள், விசிட்டிங் கார்டைப் பற்றிச் சொன்னாள். பைக்குள் கையை விட்டு 0.50 பிஸ்டனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுதான் இந்தம்மா மோட்டார்ல இருந்தது. ஏழாவது ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. அங்க தொங்கினதுதான் தட்டுக்கு வந்திருக்கு. இது டாக்டரோட கையெழுத்துல இருக்கற சீட்டு. விளிம்புல ஒரு துண்டு உடைவுன்னு எழுதியிருக்கார். தலைவரே, உங்க கையில இருக்கறதோட விளிம்பைப் பாருங்க."

தலைவர் பார்த்தார். துண்டு உடைந்திருந்தது.

"அப்ப இது எந்த அயோக்கியனோடது?" என்று இன்னும் சூடு ஆறாமல் கேட்டார்.

"படகு எண் முப்பத்தேழு. எட்டு வருஷத்துக்கு முன்னால அது யாரு பேருல இருந்துச்சுன்னு குமாஸ்தா சொல்லுவார்."

குமாஸ்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. பதிவேட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அய்யா... அது வந்து... வெளிச்சம் கொஞ்சம் குறைவா இருக்கு..."

கொழுந்தன் செல்போன் வெளிச்சத்தைப் பதிவேட்டின்மேல் அடித்தான். "இப்ப?"

"அது... தலைவர் அய்யாவோட முதல் படகுங்க."

பின்வரிசையில் யாரோ ஒருவர் குபீரென்று சிரித்தார். அதைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. தூக்கிப் பிடித்த கையை இறக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தலைவர் நின்றார்.

"அப்ப... எட்டு வருஷத்துக்கு முன்னால அந்த விதியெல்லாம் கிடையாது" என்றார். மூன்று ஆள் குரலில் இரண்டைக் காணவில்லை.

"பாத்திரம் கழுவுற தொட்டியைப் பத்தி இப்ப எழுதினதை வேணும்னா அடிச்சிரச் சொல்லலாம்" என்றான் கொழுந்தன்.

"உங்களை யாரும் ஒண்ணும் கேக்கலை தலைவரே" என்றாள் அண்ணி. "இந்தம்மா பர்மிட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும்."

தலைவர் இவ்வளவு வேகமாக ஒரு கையெழுத்தை வாழ்நாளில் போட்டிருக்கமாட்டார். குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தினார். படகுக்காரி மேசைக்கு வந்து பர்மிட்டை வாங்கி, மை காய ஊதினாள். பிறகு தட்டுக்குப் பக்கத்தில் இருந்த புதிய பிஸ்டனை எடுத்து, லாக் இல்லாத பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை என்பதைக் கொழுந்தன் கவனித்தான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அண்ணி மெதுவாக.

"சத்தத்துலயே தெரியும். பத்தொன்பது வருஷமா அந்த மோட்டாருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள். "பதினோரு நாளு அண்ணே. பதினோரு நாளு உன் கொட்டகை வழியாத்தான் நடந்தேன். தப்பு நடந்துபோச்சு தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனியே, அப்பவும் பாத்தேன். சொல்லியிருந்தா, நாந்தான் எண்ணெய் ஊத்தலைன்னு நானே ஒத்துக்கிட்டுப் போயிருப்பேன்டா."

கூடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கோட்டின் பொத்தானைத் திருகினார், வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சொல்லிவிடு மனுஷா என்று கொழுந்தன் மனசுக்குள் கத்தினான்.

"இப்ப வர்ற லாக்கெல்லாம் தரமே இல்ல" என்றார் டாக்டர். "பழசுதான் நல்லா பிடிக்கும்னு நினைச்சேன். அந்தக் காலத்துல வந்த கம்பி இருக்கே..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். படகுக்காரி பர்மிட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். அங்கே உட்கார்ந்திருந்த இருபது பேரின் மோட்டாரும் அந்தக் கொட்டகைக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

"எனக்கு நாளைக்குக் காலையில படகு ஓடணும்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "நல்ல மெக்கானிக் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."

டாக்டரின் பேச்சு பாதியில் நின்றது.

மூன்றாவது வரிசையில் இருந்து ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து, அக்கரையில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். அவள் குமாஸ்தாவிடம் பேனாவை வாங்கி, விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.